பேர் போடாத விண்ணப்பம்

1

பெயரை எழுதாவிட்டால் ஆளை யாருக்கும் தெரியாது என்று நம்பியவன் நான். அறியாத வயதில் அல்ல. நாற்பத்திரண்டாவது வயதில், பி.காம். பட்டமும் இங்கிலாந்துக் குடியுரிமையும் கையில் இருக்கும்போது, நல்ல பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு நம்பினேன்.

அந்த நம்பிக்கைக்கு இந்த வருடம் பத்து வயது முடிகிறது. அதனால் உண்டான ஒன்றுக்கும் பத்து வயது. ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகிற வழியில் ஒரு சந்து, அப்பளக் கடை, அதன் பக்கத்தில் குறுகலான படி, மேலே போர்டு இல்லாத ஓர் அறை. என் அக்கா நடத்துகிற கிறிஸ்தவ ஆலோசனை மையம் அது. திருச்சியில் தென்னூரிலும் மேலப்புதூரிலும் இத்தனை கிறிஸ்தவர்கள் இருக்கும்போது மையத்தைக் கொண்டுபோய் ஸ்ரீரங்கத்தில் வைப்பானேன் என்று நீங்கள் கேட்கலாம். பதில் இருக்கிறது. அந்தப் பதில் நான்தான்.

போன மாதம் அக்கா கூப்பிட்டாள்.

“டேய், பத்தாம் ஆண்டு மலர் போடுறோம். ‘தரிசனமும் தொடக்கமும்’னு ஒரு பக்கம். நீதான் எழுதுறவனாச்சே, எழுதிக் குடு. நாலு வரி போதும்.”

நாலு வரியில் நிற்கிற ஆளா நான்? இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அதில் அக்கா ஒரு கனவு காண்கிறாள். கனவில் ஓர் ஆறு, அக்கரையில் ஒரு விளக்கு, ‘எழுந்து அக்கரைக்குப் போ’ என்று ஒரு குரல். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது என்றால் பாருங்கள்.

அக்கா மறுபடி கூப்பிட்டாள். “யாருடா கனவு கண்டது?”

“நீதான்க்கா.”

“நானா? அந்த மாசம் முழுக்க நான் தூங்கவே இல்ல. கனவு எங்கேருந்துடா வரும்?”

“படிக்கிறவங்களுக்கு ஒரு இது இருக்கட்டுமேன்னு...”

“ஒரு இதுவும் வேண்டாம். நடந்தத எழுது. எழுத முடியலன்னா விட்டுடு.”

நடந்ததை எழுதினால் அதில் கனவு வராது. நான் வருவேன். அத்தான் வருவார். அத்தான் என்றால் அக்காவின் கணவர். பத்து வருடத்துக்கு முன்புவரை என்னை ‘மாப்ள’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். அந்த வார்த்தையை அவர் வாயால் மறுபடி ஒரு தடவை கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். இந்தக் குறிப்புகளில் மற்றதெல்லாம் சுற்றுப் பாதை.

2

இங்கே நான் ஒரு மருத்துவமனையில் படுக்கை தள்ளுகிறேன். வார்டிலிருந்து எக்ஸ்ரேவுக்கு, எக்ஸ்ரேவிலிருந்து வார்டுக்கு. என் மனைவி நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்து வந்தோம். விசாவில் நான் அவளோடு வந்த இணைப்பு. பி.காம். படித்தவனுக்கு இந்த வேலையா என்று ஊரில் கேட்பார்கள். நாள் முழுக்க ஆட்களைப் பற்றும் வரவுமாக நகர்த்திக்கொண்டிருக்கிறேன், படிப்பு வீண் போகவில்லை என்பேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டால் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். என் முழு வித்தையும் அவ்வளவுதான்.

போன டிசம்பரில் இடுப்பெலும்பு முறிந்த ஒரு மூதாட்டியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். கதவு மூடியது. மூடியதும் என் மூச்சும் மூடிக்கொண்டது. கை மரத்துவிட்டது, காதில் ரைஸ் மில் ஓடுகிறது, இதோ செத்துக்கொண்டிருக்கிறேன் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. படுக்கையின் கம்பியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பாட்டி படுத்த இடத்திலிருந்து கையை எட்டி மணியை அடித்தார். இன்னொரு கையால் என் உச்சந்தலையைத் தடவி, “நாலு எண்ணி இழு, நாலு எண்ணி விடு, கண்ணு” என்கிற மாதிரி அவர் மொழியில் சொன்னார். கதவு திறந்தபோது வெளியே நின்ற சூப்பர்வைசருக்கு எங்களில் யார் நோயாளி என்று குழப்பம். மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்ததால் அவரைக் கண்டுபிடித்தார்கள்.

அதிலிருந்து கதவு என்று எது மூடினாலும் இதே கதைதான். வங்கிக் கதவு, பஸ் கதவு. ஒரு நாள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு. அன்றைக்கு நான் ஃபிரிட்ஜுக்கு வெளியேதான் நின்றேன் என்பதை என் தரப்பில் பதிவு செய்துகொள்கிறேன்.

3

அத்தான் திருவெறும்பூரில் ஒரு தனியார் இரும்புப் பட்டறையில் கிரேன் ஓட்டினார். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன். கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே நிற்பவர் காட்டும் கைச்சைகையைப் பார்த்து, டன் கணக்கான எடையை இறக்க வேண்டும். அத்தான் இரும்புத் தகட்டை இறக்கினால் கீழே சத்தம் கேட்காது என்று பட்டறையில் பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் தென்னூரில் எங்கள் சபையின் பாட்டுக்குழுவில் நின்று அடிக்குரலில் பாடுவார். அவர் பாடும்போது முன்வரிசை பெஞ்சு அதிரும்.

பத்து வருடத்துக்கு முன்பு ஒரு மத்தியானம் அவரிடமிருந்து போன்.

“மாப்ள, தனியா இருக்கியா?”

“இங்கிலாந்து ராணியம்மா டீ சாப்பிட வந்திருக்காங்க. போயிட்டு அப்புறம் வரச் சொல்லட்டுமா அத்தான்?”

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“ஷிஃப்ட் முடிஞ்சு ஸ்டாண்டுக்கு வர்றேன் மாப்ள. வண்டிச் சாவி கையில இருக்கு. எடுக்கணும்னு தெரியுது, எடுக்க முடியல. அப்படியே நிக்கிறேன். நேத்து ஒரு மணி நேரம் நின்னிருக்கேன். வாட்ச்மேன் வந்து, பெட்ரோல் இல்லையாண்ணேன்னு கேட்டான். அழுகை வந்துடுச்சு. எதுக்குன்னு எனக்கே தெரியல.”

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன். அவரே தொடர்ந்தார்.

“அக்காகிட்ட சொல்லிடாத. உங்கிட்ட சொன்னா ஏதாவது கிண்டல் பண்ணுவ, லேசாயிடும்னு நெனச்சேன்.”

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒரு மனிதர் என்னிடம் கிண்டலைக் கேட்டு வாங்க வந்தார். அன்றைக்குப் பார்த்து என்னிடம் கிண்டல் இல்லை. “ஜெபம் பண்ணிக்கிறேன் அத்தான்” என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு பதற்றம் பிடித்துக்கொண்டது. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு என்ன செய்ய? எங்கள் சபையின் ஜெபக் குழு வாட்ஸப்பில் இருந்தது, என்னைப் போல வெளிநாட்டில் இருப்பவர்களையும் சேர்த்து. அதில் எழுதினேன்:

‘அன்பானவர்களே, பாட்டுக்குழுவில் உள்ள, எனக்கு மிகவும் நெருங்கிய சகோதரர் ஒருவர், திருவெறும்பூரில் வேலை பார்ப்பவர், மனச்சோர்வின் ஆவியால் கண்ணீரோடு போராடுகிறார். பாரத்தோடு ஜெபியுங்கள். பெயர் வேண்டாம்.’

பெயர் வேண்டாம் என்று எழுதியபோது என் நாகரிகத்தை நானே மெச்சிக்கொண்டேன். பாட்டுக்குழுவில் திருவெறும்பூரில் வேலை பார்ப்பவர் ஒரே ஒருவர்தான் என்பது அப்போது எனக்கு நினைவில் இல்லை. மற்ற எல்லோருக்கும் இருந்தது. பத்து நிமிடத்தில் பதில்கள் கூப்பிய கைகளாக வந்து குவிந்தன. மனசுக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கு.

4

நடந்ததில் ஒருவரும் கெட்டவர் இல்லை. எனக்கு அதுதான் சங்கடம். கெட்டவன் ஒருவன் இருந்தால் அவனைத் திட்டிவிட்டு நான் நகர்ந்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் போதகர் அத்தானை முன்னால் அழைத்துத் தலையில் கை வைத்து ஜெபித்தார், மைக்கில். அத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே வரும்போது ஓர் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “வெக்கப்படாதீங்க தம்பி, எங்களுக்கு எல்லாம் தெரியும்” என்றிருக்கிறார். என்ன தெரியும் என்று அத்தான் கேட்டார். அந்த அம்மா போனை எடுத்துக் காட்டினார். சபையின் வாசலில், செருப்புகளுக்கு நடுவில் நின்று அத்தான் நான் எழுதியதைப் படித்தார்.

அதே நேரத்தில் பக்கத்தில் இன்னொருவருடைய போனில் அக்காவும் படித்துக்கொண்டிருந்தாள். பல வருடம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள்: “என் புருஷன் அழறத நான் அடுத்தவ போன்ல படிச்சேண்டா.”

பட்டறை முதலாளியும் எங்கள் சபைதான். நல்ல மனிதர். “கொஞ்ச நாள் மேல ஏற வேண்டாம், ஸ்டோர்ல உக்காருங்க” என்று அத்தானைக் கிரேனிலிருந்து இறக்கினார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். இருபத்தாறு வருடம் கூண்டுக்குள் இருந்த மனிதர் ஸ்டோரில் உட்கார்ந்து நட்டு, போல்ட்டு எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு, தலையில் பூச எண்ணெய்க் குப்பியோடு ஆட்கள் வந்தார்கள், ஜெபித்தார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். இரண்டு மாதத்தில் அத்தான் வேலையை விட்டார். பாட்டுக்குழுவுக்கும் போகவில்லை.

என்னை ஒரே ஒரு முறை கூப்பிட்டார்.

“படிச்சேன்.”

“அத்தான், பேர் போடலையே நான்...”

“பாட்டுக்குழுவுல எத்தனை பேருக்குத் திருவெறும்பூர்ல வேலை, சொல்லுங்க?”

‘மாப்ள’ போய் அந்த ‘ங்க’ வந்திருந்தது. என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். என்னை அரை டிராயரில் பார்த்தவர்.

மூன்று வருடம் கழித்துத் தனியாக ஊருக்குப் போனேன். கதவைத் திறந்து, “வாங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சுங்களா?” என்றார். மாவட்ட ஆட்சியரை வரவேற்கிற மரியாதை. பயந்துபோனால் என் வாய் சும்மா இருக்காது. “நான் செஞ்ச வேலைக்கு என்னைய கிரேன் கொக்கியில மாட்டித் தொங்க விடுங்க அத்தான்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்” என்றார். அப்புறம் இன்னொரு தடவையும் அதே மாதிரி ஏதோ சொல்லிப் பார்த்தேன். சாம்பாரை என் பக்கம் நகர்த்தினார்.

5

இனி இங்கத்திய அலுவல்கள். லிஃப்ட் சம்பவத்துக்குப் பிறகு மனைவி விரட்டினாள் என்று டாக்டருக்குப் போன் செய்தேன். என்ன செய்கிறது என்று கேட்டார்கள். மனசில் தமிழ், வாயில் இங்கிலீஷ். நெஞ்சை அடைக்கிறது என்பதை வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். போனை வைப்பதற்குள் வாசலில் ஆம்புலன்ஸ். எனக்கு ஒன்றுமில்லை, துக்கம்தான் என்று சொல்லிப் பார்த்தேன். படுக்கச் சொன்னார்கள். கொண்டுபோனது என் சொந்த ஆஸ்பத்திரிக்கு. என்னைத் தள்ளியவர் தினமும் என்னோடு டீ குடிக்கிற போலந்துக்காரர். “இடது சக்கரம் இழுக்கும், பாத்துத் தள்ளு” என்று படுத்தபடியே சொன்னேன். இதயம் குதிரை மாதிரி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அடுத்து ஒரு படிவம் வந்தது. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் கெட்டதா, சோறு இறங்கவில்லையா, குடும்பத்தைக் கைவிட்டவன் என்று தோன்றியதா. ஒவ்வொன்றுக்கும் கட்டம்: இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல், அநேகமாக தினமும். நம் ஊரில் இதற்கெல்லாம் ‘இருக்கு, என்ன பண்றது’ என்று ஒரே பதில்தான். அதற்குக் கட்டம் இல்லை. கைவிட்டவன் கேள்வியில் ‘அநேகமாக தினமும்’ என்பதை டிக் அடித்தேன். பத்து வருடத்துக்குக் கட்டம் கேட்கலாமா என்று யோசித்தேன். இரண்டு வாரத்துக்குத்தான் வசதி இருந்தது.

பல மாதம் காத்திருந்த பிறகு தொலைபேசியில் ஆலோசனை. தமிழில் பேச விரும்புகிறீர்களா என்ற இடத்தில் ஆம் என்று போட்டிருந்தேன். ஆலோசகர் ஆங்கிலப் பெண்மணி, நடுவில் மொழிபெயர்க்க ஓர் ஆள்.

“வணக்கங்கண்ணே. நீங்க சொல்றத அப்படியே அவங்ககிட்ட சொல்லுவேன். தைரியமாப் பேசுங்க.”

“சரிங்க தம்பி.”

“அண்ணே, பேச்சக் கேட்டா நம்ம பக்கம் மாதிரி இருக்கே. திருச்சியா?”

“...ஆமா.”

“திருச்சில எங்கண்ணே?”

“தென்னூர்.”

“அட! தென்னூர்ல எந்தச் சர்ச்சுண்ணே? எங்க சின்ன மாமியார் அங்கதான்...”

அந்தப் பெண்மணி, அவர் என்ன சொல்கிறார் என்று நடுவில் கேட்டார்.  இங்கே சொன்னால் சின்ன மாமியாருக்குப் போகும். அங்கிருந்து வெள்ளிக்கிழமை மைக்குக்குப் போகும். அப்புறம் என் தலையிலும் எண்ணெய் வைப்பார்கள்.

“எனக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லுங்க தம்பி.”

சொன்னதை அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்தார். நீங்கள் குணமடைந்ததில் மகிழ்ச்சி, உங்கள் கோப்பை முடித்துக்கொள்கிறோம் என்று கடிதம் வந்தது. அத்தானுக்கு நான் செய்தது என்ன என்று எனக்கு முழுசாகத் தெரிந்த நாள் அது. மூன்று நிமிடம் கூட என்னால் தாங்க முடியவில்லை. அவர் மாதக்கணக்கில் தாங்கியிருக்கிறார்.

6

வேலையை விட்ட பிறகும் அத்தான் காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் கிளம்பிப் போயிருக்கிறார். அக்கா பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்லத் தனியாகப் படித்துப் பட்டயம் வாங்கியவள். ஊர்ப் பிள்ளைகளின் மனசையெல்லாம் கேட்டவளுக்கு வீட்டில் கேட்கத் தெரியவில்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவர் பின்னாலேயே போனாள். அவர் சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி ஸ்ரீரங்கம் பஸ் ஏறினார். காவிரிப் பாலம் தாண்டி, அம்மா மண்டபத்தில் இறங்கி, ஆற்றுப் படித்துறையில் போய் உட்கார்ந்தார். திதி கொடுக்கிறவர்கள், மொட்டை போட்டவர்கள், துணி பிழிகிறவர்கள் நடுவில், ஒரு கிறிஸ்தவ கிரேன் டிரைவர்.

அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இங்க என்னங்க பண்றீங்க?”

“ஒண்ணும் பண்ணல. அதான் நல்லாருக்கு.”

அப்புறம் அவராகவே சொன்னாராம்: “மொத நாளு ஒரு சாஸ்திரிகள் வந்தாரு. பேரு, கோத்திரம் சொல்லுங்கோன்னாரு. சும்மா உக்காந்திருக்கேன் சாமின்னேன். சரி, உக்காருங்கோன்னுட்டுப் போயிட்டாரு. ரெண்டு மாசத்துல என்னைய சும்மா விட்ட மொத ஆளு அவருதான்.” கொஞ்ச நேரம் கழித்து, “பாலத்தத் தாண்டிட்டா யாருக்கும் என்னத் தெரியல. மூச்சு விட முடியுது. இங்க ஒரு ரூம் இருந்தா நம்மாளுங்க வந்து சொல்லிட்டுப் போயிடலாம். ஏறி எறங்குறத யாரும் பாக்க மாட்டாங்க.”

தரிசனம் அவ்வளவுதான். விளக்கும் இல்லை, குரலும் இல்லை.

அறை தேடினார்கள். அப்பளக் கடை மாடியின் சொந்தக்காரர், திருமண் இட்ட பெரியவர், அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

“கவுன்சிலிங்னா? இன்ஜினீயரிங் சீட்டுக்குப் பண்ணுவாளே, அதுவா?”

“இல்லைங்க ஐயா. மனசு கஷ்டத்துக்கு.”

“நீங்க கிறிஸ்தவா. நாளைக்கு மதம் மாத்தறேள்னு ஒரு பேச்சு வந்துடப்படாது.”

“மாத்துறதுக்கு இல்லைங்க. அழறதுக்கு.”

“அழறதுக்கா? அதுக்கு வாடகைக்கு இடம் பிடிக்கணுமா?”

“வீட்ல அழ முடியாதவங்க இருக்காங்கல்ல.”

பெரியவர் சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு, “போர்டு மட்டும் வேண்டாம்” என்றார். “எங்களுக்கும் அதாங்க வேணும்” என்றாள் அக்கா. அப்படித்தான் தொடங்கியது. முதல் மாதம் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டோடு நாலைந்து பெற்றோர் படி ஏறி வந்தார்கள். அக்கா அவர்களையும் உட்கார வைத்தாள். பையனுக்கு எந்தக் காலேஜ் என்று கேட்க வந்த ஒருவர் இரண்டு மணி நேரம் தன்னைப் பற்றியே பேசிவிட்டுப் போனாராம்.

சபையில் கமிட்டிக்காரர்கள் விடவில்லை. “ஜெபம் இல்லாம ஒரு கிறிஸ்தவ மையமாம்மா?” என்று கேட்டார்கள்.

“ஜெபம் இருக்குங்க. மைக்குதான் இல்ல” என்றாள் அக்கா.

மலருக்காக அந்த அறையின் புகைப்படத்தை அனுப்பியிருந்தாள். இரண்டு நாற்காலி, ஒரு மண்பானை, ஒரு போன். சுவரில் அட்டையில் எழுதி ஒட்டிய விதிகள்: பெயர் கேட்பதில்லை. கேட்டால் மட்டும் ஜெபம், மெதுவாக. இங்கே கேட்டதை வேறெங்கும் சொல்வதில்லை, ஜெபத்திலும். தெரிந்தவர் என்றால் விலகிக்கொள்ள வேண்டும். இரும்புத் தகட்டில் சாக்பீஸால் அளவு குறிப்பதுபோல் நேர் நேரான எழுத்து. அக்காவின் கையெழுத்து அப்படி இருக்காது.

7

மலரில் போட ஒரு பழைய பாட்டுக்குழுப் படத்தைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். பதினேழு வயது மகள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“லாஸ்ட் ரோ, ஹைட்டா, அது யாருப்பா?”

“அத்தையோட வீட்டுக்காரர். உனக்கு மாமா.”

“அத்தைக்கு ஹஸ்பண்ட் இருக்காங்களா? நான் விடோன்னு நெனச்சேன்.”

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பத்து வருடமாக அவள் கேட்கிற தொலைபேசிப் பேச்சில் அந்த வீட்டில் ஓர் ஆண் குரல் இல்லை. நான் கூப்பிட்டால் அத்தான் போனை அக்காவிடம் கொடுத்துவிடுவார். நடந்ததைச் சொன்னேன், முடிந்தவரை சிரிப்பு வருகிற மாதிரி. அவள் சிரிக்கவில்லை.

“போஸ்ட் பண்ணலாமான்னு அவங்ககிட்ட கேட்டீங்களா?”

“ஜெபத்துக்குத்தானேம்மா...”

“கேட்டீங்களா அப்பா?”

“இல்ல.”

“சாரி சொன்னீங்களா? ஜோக் இல்லாம?”

அவள் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அவள் அறைக் கதவு மூடிய சத்தத்தில் நான் நாலு எண்ணி இழுத்தேன், நாலு எண்ணி விட்டேன்.

8

அந்த வாரம் வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. சூப்பர்மார்க்கெட் வாசலில் காரை நிறுத்தி, நாலு கதவையும் திறந்து வைத்துவிட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். இங்கே காலை பத்தரை, ஸ்ரீரங்கத்தில் மாலை நான்கு. வியாழக்கிழமை அக்காவுக்குத் தென்னூரில் வேலை, மையத்துக்குப் போக மாட்டாள் என்று தெரியும். யாரோ முன்பின் தெரியாத ஆள் எடுப்பார். என் எண் தெரியாதபடி செய்துவிட்டு மையத்தைக் கூப்பிட்டேன். பெயர், ஊர், குரல் மூன்றையும் மாற்றிக்கொள்ளத் திட்டம். ஆம், திரும்பவும் அதே நம்பிக்கைதான்.

“வணக்கம். சொல்லுங்க.”

இரண்டே வார்த்தை. முன்வரிசை பெஞ்சை அதிரச் செய்கிற அடிக்குரல். அக்கா என்னிடம் சொன்னதேயில்லை. யார் எடுக்கிறார்கள் என்பதையும் அங்கே சொல்ல மாட்டார்கள் போலிருக்கிறது.

அப்போதே போனை வைத்துவிட்டிருக்க வேண்டும். ஆனால் ஒத்திகை பார்த்த நாக்கு முந்திக்கொண்டது. “வணக்கமுங்க, என்ற பேரு பாஸ்கருங்க, கோயமுத்தூர்லீருந்து...”

“பேரு வேண்டாங்க. ஊரும் வேண்டாம். என்ன கஷ்டம்னு சொல்லுங்க சார்.”

இரண்டு வாக்கியத்தில் என் கோயமுத்தூர் தீர்ந்துபோனது. லிஃப்டைச் சொன்னேன். பாட்டியைச் சொன்னேன். ஃபிரிட்ஜைச் சொன்னேன். நான் சிரித்த இடத்தில் அவர் சிரிக்கவில்லை, ‘உம்’ என்றார். பின்னால் மின்விசிறி கடகடவென்று சுற்றுகிற சத்தம் கேட்டது.

“கதவு மூடும்போது என்ன நினைப்பு வருதுங்க?”

“ஒருத்தர் வெளியில நிக்கிறாரு. நான் உள்ள இருக்கேன். மூடிட்டா அப்புறம் சொல்ல முடியாதுன்னு...”

“என்ன சொல்லணும் அவருகிட்ட?”

அதற்குமேல் என்னிடம் கிண்டல் இல்லை. ஒருவர் என்னை நம்பி ஒன்று சொன்னார், நான் அதை ஊருக்குச் சொல்லிவிட்டேன், அதனால் அவருக்கு வேலை போயிற்று, பாட்டு போயிற்று என்றேன். அழுதுகொண்டு சொன்னேன். தள்ளுவண்டியோடு போன ஒரு பெண் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

“மெதுவா. அவசரம் ஒண்ணும் இல்ல. அவருகிட்ட தப்புன்னு சொல்லியிருக்கீங்களா?”

“ஜோக்கா சொல்லியிருக்கேன்.”

“ஜோக்கா.”

“ரெண்டு தடவ.”

“அவரு சிரிச்சாரா?”

“இல்லைங்க.”

“உம்.”

மின்விசிறி சுற்றியது. நான், “அத்தான்” என்றேன். “தப்பு பண்ணிட்டேன் அத்தான்.”

 இணைப்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். போகவில்லை.

“இங்க யாரு என்னன்னு வச்சுக்கிறதில்ல சார்” என்றது குரல். பிறகு, “தண்ணி குடிச்சீங்களா?”

“இல்ல.”

“குடிங்க. நான் இருக்கேன்.”

காரில் ஆறிப்போன டீதான் இருந்தது. குடித்தேன். அவர் இருந்தார்.

“நேரம் ஆச்சுங்க. அடுத்த வியாழக்கிழமை இதே நேரத்துக்குக் கூப்பிடுங்க.”

நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அந்த வாரம் முழுக்க நான் லிஃப்டில் பயமில்லாமல் போனேன்.

9

அடுத்த வியாழக்கிழமை ஒரு பெண் குரல் எடுத்தது.

“போன வாரம் பேசுனவரு...”

“அவரு நாள மாத்திக்கிட்டாருங்க.”

“எந்த நாளுக்கு?”

“அத நாங்க சொல்றதில்லைங்க. எங்கிட்ட சொல்லுங்களேன்.”

தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த வாரம் திரும்ப லிஃப்டில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது என்னைக் கீழ்த்தளத்தில் ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். மெத்தை உறை எடுத்துக் கொடுக்கிறேன்.

பொறுக்க முடியாமல் அக்காவிடம், கூப்பிட்டது நான்தான் என்று சொன்னேன். அவள் வியப்பு காட்டவில்லை.

“தெரிஞ்சவங்க குரல்னா உடனே வேற ஆள்கிட்ட குடுத்துட்டு விலகிக்கணும்டா. ரூல் அது. அவருதான் எழுதி ஒட்டினாரு. அன்னிக்கு ரூல மீறிட்டேன்னு அவரே மையத்தோட கமிட்டிக்கு எழுதிக் குடுத்துட்டாரு. அதான் நாள் மாத்தம்.”

“யாருகிட்ட பேசினேன்னு எழுதினாரா?”

“அது எப்படிடா எழுதுவாரு?”

மலரின் அந்தப் பக்கத்தை அக்காவே நாலு வரியில் எழுதிக்கொண்டாள். அதில் நான் இல்லை. நான் இதை எழுதினேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் இந்தத் தடவை கேட்க வேண்டும் அல்லவா? அக்காவுக்கு அனுப்பி, அத்தான் படிக்கட்டும், வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன், பெயரை எங்கேயும் போடவில்லை என்று ஒரு குறிப்பும் வைத்தேன்.

நாலு நாள் கழித்து அக்கா கூப்பிட்டாள்.

“படிச்சாரு.”

“என்ன சொன்னாரு?”

“போட்டுக்கச் சொல்லுன்னாரு. பேரப் போட்டே எழுதச் சொல்லுன்னாரு. போடாட்டி மட்டும் தெரியாதான்னாரு.”

“வேற?”

“வேற ஒண்ணும் சொல்லலடா.”

“பக்கத்துல இருக்காரா?”

“இருக்காரு.”

“ஒரு நிமிஷம் குடேன்.”

போன் கை மாறுகிற சத்தம் கேட்கவில்லை. அக்காதான் திரும்பப் பேசினாள். “எழுந்து உள்ள போயிட்டாருடா.”

அத்தானின் பெயர் தேவசகாயம். அந்த ஜெப விண்ணப்பத்தை எழுதியவன் பெயர் ஜெயசீலன். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.